கோல் காவலரும் பயிற்சியாசிரியரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் அறிஞர் பலர் உரையாற்றியுள்ளனர். அவர்கள் நின்ற இடத்தில் நின்று கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச ஒருவன் துணிவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். செயலாளர் என்னை அழைத்தபோது, "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் அரை மணியில் முடித்துவிடுங்கள்" என்றார். முதற்பகுதியை நான் மனமார ஏற்றுக்கொண்டேன். இரண்டாம் பகுதியை இயன்ற அளவு காப்பாற்றுவேன்.

நம் காலனிச் சிறுவர்கள் மாலை வேளையில் பந்தாடுவதை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். தாராவியின் சந்துகளிலும் செம்பூரின் திடல்களிலும் அதே காட்சிதான். இரண்டு தலைவர்கள் நின்று ஆட்களைப் பிரித்துக்கொள்வார்கள். விரைந்து ஓடுபவன் முதலில் போவான். பந்தை வளைத்து உதைப்பவன் அடுத்துப் போவான். எவராலும் விரும்பப்படாத ஒருவன் இறுதியில் எஞ்சி நிற்பான். அவனைப் பார்த்து, "நீ போய்க் கோலில் நில்" என்பார்கள். இரண்டு செங்கற்களுக்கு நடுவே அந்தப் பிள்ளை தலைகுனிந்து போய் நிற்பான். பந்து அவனைக் கடந்து போய்விட்டால் ஏச்சு முழுவதும் அவனுக்கு. அவன் தடுத்துவிட்டாலோ, அதைப் பாராட்டுவதற்குள் ஆட்டம் மறுகோடிக்குப் போய்விடும்.

உண்மையில் அந்த இடம் எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோல் கம்பங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலம் 8 கெஜம்; உயரம் 8 அடி. தண்ட உதை எடுக்கும் புள்ளி அங்கிருந்து 12 கெஜ தூரத்தில் இருக்கிறது. இந்த அகன்ற வாயிலை ஒரு மனிதன் தன் இரண்டு கைகளால் காக்கவேண்டும். முன்னணி வீரன் ஒன்பது முறை தவறவிட்டுப் பத்தாம் முறை பந்தை உள்ளே செலுத்திவிட்டால் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோல் காவலனோ ஒன்பது முறை தடுத்துப் பத்தாம் முறை தவறினால் அந்த ஒரு தவறே பல ஆண்டுகளுக்கு அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட இடத்தில் நின்று உலகம் போற்ற வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெயரை உங்களுக்கு நினைவூட்டவே வந்துள்ளேன். பீட்டர் தங்கராஜ் என்பது அப்பெயர்.

தங்கராஜ் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். நம் பிள்ளைகளைப் போலவே அவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து, பிற மொழிகள் ஒலிக்கும் தெருக்களில் வளர்ந்தவர். செகந்தராபாத்தில் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் ஆகிய சிறு கழகங்களில் ஆடத் தொடங்கினார். 1953இல் இராணுவத்தில் சேர்ந்தார். மதராஸ் ரெஜிமெண்ட் நடுவம் நீலகிரியில் உள்ள வெலிங்டனில் இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிவோம். ஐதராபாத்தில் பிறந்த தங்கராஜை அந்த மலைமுகாம்தான் ஆட்டக்காரராக உருவாக்கியது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. அவர் தொடக்கத்தில் கோல் காவலர் அல்லர். நடு முன்னணியில் நின்று கோல் போடும் வீரராகவே ஆடிவந்தார். பின்னரே கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். நின்ற பிறகு அந்த இடம் அவருடையதாகிவிட்டது. நெடிதுயர்ந்த உடலும் நீண்ட கைகளும் இயற்கை தந்த கொடை. ஆயினும், கோலைத் தாக்குபவன் எப்படி எண்ணுவான் என்பதைத் தானே தாக்கி ஆடிக் கற்றிருந்தது அதனினும் பெரிய முதல் என்று நான் கருதுகிறேன். திருடன் வரும் வழி காவலனுக்குத் தெரிந்திருப்பது நல்லதுதானே!

அவர் காத்த மதராஸ் ரெஜிமெண்ட் குழு 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1960இல் அவர் தலைமையில் இராணுவப் பிரிவுகளின் குழு சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. படையை விட்டு வந்தபின் கல்கத்தாவின் பெருங்கழகங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்றுக்கும் ஆடினார். கல்கத்தாவில் இம்மூன்று கழகங்களின் அன்பர்களும் ஒருவரை ஒருவர் எவ்வளவு நேசிப்பார்கள் என்பதை அவ்வூரில் வாழ்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்! மூன்று வீட்டிலும் மாப்பிள்ளையாக இருந்து மூன்றிலும் நல்ல பெயர் வாங்குவது எளிதன்று.

இனி 1956ஆம் ஆண்டுக்கு வருவோம். மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயத்திற்கு இந்தியா அனுப்பிய குழுவில் இரண்டு கோல் காவலர்கள் இருந்தனர். ஒருவர் தங்கராஜ். மற்றவர் யார்? இதை மாட்டுங்காவாசிகள் நன்கு செவிமடுக்க வேண்டும். மற்றவர் எஸ். எஸ். நாராயணன், நண்பர்களுக்குப் 'பாபு'. 1934இல் பாலக்காட்டுச் சீமையின் ஒற்றப்பாலத்தில் பிறந்து, நம் மாட்டுங்காவில் வளர்ந்தவர். நாம் பூவும் வெற்றிலையும் வாங்கப் போகும் அதே தெருக்களிலிருந்து ஓர் இளைஞர் ஒலிம்பிக் பந்தயத்திற்குப் போனார்! ஒரு முறை அன்று, இரு முறை. 1960இல் உரோம் நகருக்கும் அவர் சென்றார். கூடைப்பந்தாட்டத்திலும் அவர் வல்லவர். மும்பையின் கால்டெக்ஸ் குழுவில் அவர் ஆடினார். அக்குழு 1958இல் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கூப்பரேஜ் திடலில் அந்நாளில் கூடிய கூட்டத்தைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டால் இந்நாளில் நம்பமாட்டோம்.

மெல்போர்னில் நம் குழு ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. மூன்று கோல்களை ஒருவரே போட்டார். அவரும் நம் ஊரில் ஆடியவர்தான், நெவில் டிசௌசா. அரையிறுதியில் யுகோஸ்லாவியாவிடமும், மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1952இல், இதே யுகோஸ்லாவியா நம்மவரை 10-1 என்று தோற்கடித்திருந்தது. நம் வீரர்களில் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினர். அந்த நிலையிலிருந்து நான்கே ஆண்டுகளில் உலகின் நான்காம் இடத்திற்கு வந்தது சிறு செயலன்று.

உரோமில் தங்கராஜ் கோலைக் காத்தார். ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்றோம். பிரான்சுடன் 1-1 என்று சமமாக ஆடினோம். பெருவிடம் 3-1 என்று தோற்றோம். ஹங்கேரிக் குழுவில் அன்று ஆடிக் கோல் போட்ட ஃப்ளோரியான் ஆல்பர்ட் என்ற இளைஞர் 1967இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தகையவர்கள் உதைத்த பந்துகளைத்தான் நம்மவர் எதிர்நின்று பிடித்தார். பிரான்சுடன் ஆடிய ஆட்டத்தில் முதலில் கோல் போட்டவர் நம் பி. கே. பானர்ஜி என்பதையும், ஆட்டம் முடியச் சற்றே முன்புதான் பிரான்சு அதைச் சமன் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் தங்கராஜின் வாழ்வில் முடிமணி 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் பந்தயம். அதைச் சற்று விரித்துச் சொல்ல உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

அந்தப் பந்தயத்திற்கு இஸ்ரேலையும் தைவானையும் வரவொட்டாமல் இந்தோனேசிய அரசு தடுத்தது. இந்தியரான சோந்தி என்ற விளையாட்டுத் துறைத் தலைவர் அதைக் கண்டித்துப் பேசினார். அதனால் அவ்வூர் மக்களின் சினம் முழுவதும் இந்தியர்மேல் திரும்பியது. நம் தூதரகம் தாக்கப்பட்டது. நம் வீரர்கள் திடலில் இறங்கினால் பல்லாயிரம் தொண்டைகள் இகழ்ந்து கூவின. குழுவை நடத்தியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த எஸ். ஏ. ரஹீம் என்னும் பயிற்சியாளர். தொடக்க ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போடவேண்டியதாயிற்று. தங்கராஜோ காய்ச்சலில் படுத்துவிட்டார். பர்மன் என்ற இளைஞர் அவர் இடத்தில் நின்று நன்றாகவே காத்தார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றாயிற்று.

இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே தென் கொரியா. யாரைக் கோலில் நிறுத்துவது? நன்றாக ஆடிவந்த பர்மனையா, நோயிலிருந்து எழுந்த தங்கராஜையா? கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி அனுப்புவதில் வல்லவர்கள். ரஹீம் நெட்டையரான தங்கராஜைத் தேர்ந்தார். தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைல் சிங்கைத் தற்காப்பிலிருந்து எடுத்து முன்னணியில் நிறுத்தினார். செப்டம்பர் 4ஆம் நாள், ஏறத்தாழ இலட்சம் பேர் கூவி இகழ்ந்த அந்தத் திடலில், பானர்ஜி ஒரு கோல் போட்டார். தலை தைக்கப்பட்ட ஜர்னைல் மற்றொன்று போட்டார். அதன்பின் நெடுநேரம் கொரியர்களின் தாக்குதலைத் தாங்குவதே வேலையாயிற்று. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஒரே ஒரு கோல் விழுந்தது. 2-1 என்று இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. அந்தப் பெருங்கூட்டத்தில் நம்மவருக்காகக் கைதட்டியவர்களில் பாகிஸ்தானின் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் குளிர்கிறது. அந்தத் தங்கத்திற்குப் பின் ஆசியப் பந்தயத்தின் கால்பந்தில் இந்தியா இன்றுவரை தங்கம் பெறவில்லை.

பர்மனைப் பற்றி ஒரு சொல். நன்றாக ஆடியும் இறுதிநாளில் ஒதுங்கி அமர்ந்த அந்த இளைஞரை வரலாறு பெரிதாகக் குறிப்பதில்லை. அவர் காத்த கோல்களின்றி இறுதி ஆட்டமே இல்லை.

1958இல் ஆசியாவின் தலைசிறந்த கோல் காவலர் என்று போற்றப்பட்ட தங்கராஜுக்கு 1967இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதே என் பேச்சின் உட்பொருள். அதைச் சொல்வதற்கு முன், கடல் கடந்து ஒரு செர்மானியரைச் சந்தித்துவிட்டு வருவோம். காரணம் பின்னால் விளங்கும்.

பெர்ட் டிராட்மன் 1923இல் பிரேமன் நகரில் பிறந்தவர். இட்லரின் படையில் வான்குடைப் படைவீரராக இருந்து, ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, லங்காஷயரில் கைதிகள் முகாமில் அடைபட்டார். அங்கே கைதிகள் பந்தாடும்போது இவர் நடுவில் நின்று ஆடுபவர். ஒரு நாள் காயம்பட்டதால் கோல் காவலரோடு இடம் மாற்றிக்கொண்டார். தங்கராஜைப் போலவே அதன்பின் அவர் அந்த இடத்தை விட்டு வரவில்லை. விடுதலை பெற்றும் நாடு திரும்பாமல் இங்கிலாந்திலேயே தங்கினார். 1949இல் மான்செஸ்டர் சிட்டி கழகம் அவரைச் சேர்த்தபோது ஊரே கொதித்தது. இருபதினாயிரம் பேர் திரண்டு எதிர்த்தனர். செர்மானியரின் கொடுமையை நேரில் அறிந்த யூத குருவான அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஒரு நாடு செய்த குற்றத்திற்கு ஒரு தனி மனிதனைத் தண்டிக்கலாகாது என்ற கருத்தில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அயலூரில் பிழைக்க வந்த நமக்கு அந்தக் கடிதத்தின் அருமை புரியாமற் போகாது.

நம்மவர் மெல்போர்ன் சென்ற அதே 1956ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் கோப்பை இறுதி ஆட்டத்தில் டிராட்மன் எதிரியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். மோதலில் கழுத்து எலும்பு முறிந்தது. அந்நாளில் மாற்று ஆள் இறக்கும் விதி கிடையாது. எலும்பு முறிந்ததை அவரே அறியாமல், வலியோடு, மீதியிருந்த கால்மணிக்கு மேற்பட்ட நேரமும் நின்று காத்தார். அவர் கழகம் 3-1 என்று வென்றது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபின்தான் உண்மை வெளிப்பட்டது. இருபதினாயிரம் பேர் வெறுத்த அவரை அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று இங்கிலாந்து கொண்டாடியது. அக்கழகத்திற்கு 545 ஆட்டங்கள் ஆடியும் தன் தாய்நாட்டுக் குழுவில் ஒருமுறைகூட அவர் இடம்பெறவில்லை.

ஆட்டத்தை விட்ட டிராட்மன் என்ன செய்தார்? செர்மானியக் கால்பந்துச் சங்கம் அவரைப் பயிற்சியாசிரியராக்கி நாடு நாடாக அனுப்பியது. முதலில் பர்மா. நம் முன்னோர் மரக்கலமேறிப் பொருளீட்டப் போன அதே பர்மா! அக்குழு 1972இல் மூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. பின்னர் தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன் என்று 1988வரை சுற்றினார். 2013இல் ஸ்பெயினில் காலமானார்.

அதே நாட்டின் செப் மாயர் 1974இல் உலகக் கோப்பை வென்ற குழுவின் கோல் காவலர். 1979இல் கார் விபத்து அவர் ஆட்டத்தை முடித்தது. அவரைச் செர்மானியர் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. 1988 முதல் தேசியக் குழுவின் கோல் காவலர்களுக்கென்றே தனி ஆசானாக அமர்த்தினார்கள். அவரிடம் பயின்ற ஆலிவர் கான் 2002 உலகக் கோப்பையின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் சிறப்பைப் பெற்றார். அச்சிறப்பைக் கோல் காவலர் ஒருவர் பெற்றது அதுவே முதல் முறை. ஒருவர் கையில் இருந்த வித்தை மற்றொருவர் கைக்கு எப்படிப் போகிறது பாருங்கள்.

இப்பொழுது தங்கராஜிடம் திரும்புவோம். அவரும் பயிற்சியாசிரியரானார். கோவாவில் வாஸ்கோ கழகத்தின் குழுவைப் பழக்கினார். பிறகு பொகாரோ உருக்காலை நகருக்குச் சென்று அங்கேயே வாழ்ந்து, 2008ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் காலமானார். அவர் எந்தெந்தக் கோப்பையை வென்றார் என்பதற்கு ஏடுகள் உண்டு. எத்தனை இளைஞர்களின் கைகளைத் திருத்தினார் என்பதற்கு ஏடு ஏது? கோல் காவலருக்கென்று தனி ஆசான் வைக்கும் வழக்கம் நம் நாட்டுக் குழுக்களில் வேரூன்றுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. ஆசியாவே போற்றிய கைகள் நம்மிடம் இருந்தன. அந்தக் கைகளின் வித்தையை நாடெங்கும் எடுத்துச் செல்லும் வழியை நாம் அமைத்துக்கொள்ளவில்லை. இது எனக்கு மிகவும் உறுத்துகிறது.

"கோலில் நிற்பதற்குப் படிப்பு வேறா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். உண்டு, ஐயா. பந்து பக்கவாட்டிலிருந்து வரும்போது காவலன் கோட்டிலேயே ஒட்டி நின்றால் அவனுக்கு இருபுறமும் வாயில் அகன்று கிடக்கும். பந்தையும் கோலின் நடுவையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின்மேல் சில அடி முன்னேறி நின்றானானால், உதைப்பவன் கண்ணுக்கு அதே வாயில் குறுகிவிடும். அளவுக்கு மீறி முன்னேறினாலோ பந்து தலைக்குமேல் போய்விடும். எவ்வளவு தூரம் என்பது புத்தகத்தில் இல்லை. நின்று பழகியவர் பக்கத்தில் நின்று, "இன்னும் ஓரடி" என்று சொல்லவேண்டும். உயரத்தில் வரும் பந்தைப் பிடிப்பதா, குத்தித் தள்ளுவதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்யவேண்டும். விழும்போது முழங்கையை ஊன்றாமல் பக்கவாட்டில் உருளக் கற்கவேண்டும். இல்லாவிட்டால் எலும்பு போய்விடும். 1992இல் விதி மாறியபின், தன் ஆட்கள் வேண்டுமென்றே காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் காவலன் கையால் தொடலாகாது. ஆகவே காலால் ஆடவும் அவனுக்குத் தெரியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கோல் விழுந்தபின் அடுத்த பந்துக்கு மனத்தை எப்படி ஆயத்தம் செய்வது என்பதை, விழுந்த கோல்களின் சுமையைத் தானே சுமந்தவர் அன்றி வேறு யார் சொல்லித் தரமுடியும்?

பாபு நாராயணனும் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் மறைந்துவிட்டார். எண்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தக் கூட்டத்தில் அவர் பெயரை இன்றுதான் முதன்முறையாகக் கேட்பவர்கள் கைதூக்குங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எத்தனை கைகள் உயரும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

பெற்றோர்கள் அஞ்சுவதும் எனக்குத் தெரியும். பள்ளியிறுதித் தேர்வு, அதன்பின் வேலை, வாடகை, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம். இவற்றுக்கு நடுவே பிள்ளை பந்தின் பின்னால் ஓடினால் யார் சோறு போடுவார் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் உங்கள் பிள்ளைகளை ஒலிம்பிக்குக்கு அனுப்பச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம் மட்டுமே கேட்கிறேன்.

செயற்குழுவின் முன் நான் ஒரு விண்ணப்பம் வைத்துள்ளேன். சங்க நிதியில் நான்கு பந்துகளும், சிறுவர் அளவுக்குக் கையுறைகள் ஆறு இணைகளும் வாங்கவேண்டும். முன்னாளில் கோல் காவலராக ஆடி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் ஞாயிறு தோறும் காலை ஏழு மணிக்கு வந்து, ஊதியமின்றிக் கற்றுத்தர இசைந்துள்ளார். அவருக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு குவளைக் காப்பியும் கொடுத்தால் போதும் என்கிறார். சிறுமியரும் வரலாம், அதை அவரே வற்புறுத்திச் சொன்னார். பெயர் கொடுக்க விரும்புவோர் நாடகம் முடிந்தபின் வாயிலருகே உள்ள மேசையில் எழுதிக்கொடுக்கலாம். ஆட்டத்திற்கு ஆள் பிரிக்கும்போது எப்பொழுதும் கடைசியாக எஞ்சி நிற்கும் பிள்ளைகளை முதலில் அனுப்பிவைக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார்.